ஆள் வராமலே குணமான தோள்பட்டை

துபாய் போய் வந்து எழுதுகிறவர்களின் பதிவுகளில் ஒட்டகம், உயரமான கட்டடம், தங்கக் கடை மூன்றும் தவறாமல் வரும். இதில் மூன்றும் வராது. 2007 பிப்ரவரியில் நான் அங்கே போனது, தொழிலாளர் கேம்ப்பில் தங்கி வேலை பார்க்கும் தமிழர்களிடம் "உங்களுக்கு எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது" என்று கேட்பதற்காக. இதே காரணத்துக்காக வளைகுடா செல்லத் திட்டமிட்டிருக்கும் வாசகர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. ஒருவர் இருந்தாலும் இந்தப் பதிவு அவருக்குப் பயன்படும். டாக்ஸிக் கட்டணம் மற்றவர்களுக்கும் பயன்படும்.

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் இருக்குமே, பெட்டியைத் திறந்ததும் நாம் முதலில் தூக்கி எறிவது, அதைத் தமிழில் எழுதித் தருவது என் தொழில். சென்னையில் உட்கார்ந்தபடி, வாசகர் கடிதம் என்ற தொல்லையே இல்லாமல் பல வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன். அல் குசைஸில் இருக்கும் ஒரு தனியார் கிளினிக்கிலிருந்து டாக்டர் நெஸ்ரின் மின்னஞ்சல் அனுப்பினார். துருக்கிக்காரர். தசை, மூட்டு, எலும்புக் கோளாறுகளுக்கான மறுவாழ்வு மருத்துவர். ஆங்கிலம் பேசும் நாட்டில் தயாரான ஒரு வலிக் கேள்வித்தாளை இஸ்மிர் நகரில் துருக்கி மொழி நோயாளிகளுக்கு ஏற்ப மாற்றி, அது சரியாக அளக்கிறதா என்று சோதித்தும் முடித்தவர். அதே வேலையைத் தமிழில் செய்ய வேண்டும், வர முடியுமா என்று கேட்டிருந்தார். விசிட் விசாவை கிளினிக் எடுத்துத் தந்தது. போக வர டிக்கெட் பதினான்காயிரம் ரூபாய், அதுவும் அவர்களுடையது. கிளம்பினேன்.

சென்னையிலிருந்து ஷார்ஜாவுக்கு நான்கு மணி நேரம். மலிவு விமானம், தண்ணீருக்கும் காசு. பக்கத்து இருக்கைக்காரர் நான் எந்த கம்பெனி என்று கேட்டார். கேள்வி கேட்கப் போகிறேன் என்றேன். "போலீஸா சார்?" என்றவர் அதன் பிறகு இறங்கும்வரை தூங்குவதுபோல் இருந்தார். விமான நிலையத்திலிருந்து ரோலாவுக்கு டாக்ஸி முப்பத்தைந்து திர்ஹாம். திர்ஹாம் அப்போது கிட்டத்தட்ட பன்னிரண்டு ரூபாய்.

ரோலாவில் ஒரு அறையில் கட்டில் மட்டும் வாடகைக்குக் கிடைத்தது, நாளுக்கு முப்பது திர்ஹாம். கீழே பணம் அனுப்பும் கடை, எதிரே பணம் அனுப்பும் கடை, அதற்குப் பக்கத்தில் இட்லி. அங்கிருந்து அல் குசைஸ் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆளுக்கு ஐந்து திர்ஹாம் கொடுத்தால் நாலு பேரை ஏற்றிக்கொண்டு கார் போகும். சாலை காலியாக இருந்தால் கால் மணி நேரம். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம். முதுகுவலி கிளினிக்கை ஏன் அந்த இடத்தில் வைத்தார்கள் என்று முதல் நாளே புரிந்தது. காரிலிருந்து நேராக உள்ளே போகலாம்.

டாக்டர் நெஸ்ரினுக்கு ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் பட்டை கட்டியிருந்தார். அவருக்கே கழுத்துவலி. "இது நம்பிக்கையைக் குறைக்காது, கூட்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, சின்னக் கண்ணாடிக் குவளையில் பால் இல்லாத தேநீர் தந்தார். பிறகு வேலையை விளக்கினார். ஒரு கேள்வித்தாளை மொழிபெயர்ப்பது எளிது. அது நோயாளியின் வாழ்க்கையைக் கேட்க வேண்டும், அதுதான் கடினம். ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திருப்பி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால் அடுத்தது சோதனை. ஒரே ஆள் ஒரு வாரம் தள்ளி இரண்டு முறை நிரப்ப வேண்டும். நாள்பட்ட வலி ஒரு வாரத்தில் மாறாது, ஆகவே பதில்களும் பெரிதாக மாறக் கூடாது. மாறினால் கேள்வித்தாள் சரியில்லை என்று பொருள்.

மூலத்தில் கோல்ஃப் ஆடும்போது வலிக்கிறதா என்று ஒரு கேள்வி இருந்தது. துருக்கியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "எங்கள் ஆண்கள் தேநீர்க் கடையில் உட்கார்ந்து பகடை உருட்டுவார்கள். அதில் தோளுக்கு வேலையே இல்லை. அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, சந்தைப் பையைத் தூக்க முடிகிறதா என்று போட்டோம்" என்றார். அடுத்து, குளியல் தொட்டிக்குள் இறங்க முடிகிறதா. கேம்ப்பில் தொட்டி கிடையாது, வாளி உண்டு. இதற்கு நான் எழுதியது: "தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்க முடிகிறதா?" மாடிப்படி ஏறுவது பற்றிய கேள்வியை "இரட்டை அடுக்குக் கட்டிலில் மேல் கட்டிலுக்கு ஏற முடிகிறதா?" என்று மாற்றினேன். தோட்டத்தில் களை எடுப்பது பற்றி ஒன்று இருந்தது. அதைப் படித்துவிட்டு இருவரும் சற்று நேரம் ஜன்னல் வழியே மணலைப் பார்த்தோம். பிறகு அடித்துவிட்டோம்.

இதெல்லாம் யாருக்காக என்றால், என்னைப் பொறுத்தவரை செல்லத்துரைக்காக. பெரம்பலூர்ப் பக்கம். வயது முப்பத்தெட்டு. கட்டடத்தில் கம்பி வளைத்துக் கட்டும் வேலை. வலது கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாது. கிளினிக்குக்குப் பலமுறை வந்திருக்கிறார், ஒவ்வொரு முறையும் தைலமும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அதுவரை கிளினிக்கில் இருந்தது ஹிந்திக் கேள்வித்தாள். ஒரு நர்ஸ் அதைப் படிப்பார், செல்லத்துரை எல்லாவற்றுக்கும் "அச்சா" என்பார். அவருக்குத் தெரிந்த ஹிந்தி முழுவதும் சைட்டில் கற்றது. ஏற்று, இறக்கு, சீக்கிரம், சரி. சைட்டில் வலியைப் பற்றி யாரும் ஹிந்தியில் பேசுவதில்லை.

டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். தெரியும். ஆனால் அவருடைய கம்பெனிக்கும் கிளினிக்குக்கும் உள்ள ஒப்பந்தப்படி, ஒருவரைக் கனமில்லாத வேலைக்கு, அதாவது லைட் டூட்டிக்கு மாற்ற வேண்டுமானால் கேள்வித்தாளின் மதிப்பெண் வேண்டும். கை மேலே போகவில்லை என்பதை மருத்துவர் கண்ணால் பார்த்தால் அது அபிப்பிராயம். அதையே நோயாளி ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் அது ஆதாரம். புதிய தமிழ்த் தாள் என்பதால் இரண்டு முறையும் ஒத்துப்போனால்தான் ஏற்போம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. ஒத்துப்போனால் செல்லத்துரைக்கு லைட் டூட்டி, ஒரு மாதம் தோள் சிகிச்சை. இல்லையென்றால் இரண்டாம் முறை நிரப்பியதற்கு மறுநாள், சனிக்கிழமை, தொடங்கும் புது வேலையில் கம்பி வளைக்கும் கூட்டத்தில் அவர் பெயர். இன்னும் ஒரு மாதம் அந்த வேலை செய்தால் தோள் பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது என்று டாக்டர் சொன்னார்.

முதல் வெள்ளிக்கிழமை கேம்ப்புக்குப் போனோம். அல் குசைஸுக்குப் பின்புறம், சோனாப்பூர் என்று எல்லாரும் சொல்லும் இடம், கிளினிக்கிலிருந்து டாக்ஸி பன்னிரண்டு திர்ஹாம். செல்லத்துரையின் அறையில் எட்டுப் பேர். எங்களை வரவேற்றவர் கதிரேசன். அறைக்குச் சமைப்பவர், கேம்ப் மெஸ்ஸிலும் சமையல் உதவியாளர், செல்லத்துரைக்குப் பக்கத்து ஊர். கையில் கரண்டியோடு வாசலில் நின்றார்.

"சார், இது மெடிக்கலா?" என்றார்.

இந்தக் கேள்வியின் கனம் வளைகுடாவில் இருந்தவர்களுக்குத் தெரியும். விசா புதுப்பிக்கும்போது நடக்கும் மருத்துவச் சோதனை அது. அதில் தேறாவிட்டால் ஊருக்கு விமானம்.

"மெடிக்கல் இல்லைங்க. இந்தத் தாள் கம்பெனிக்குப் போகாது. டாக்டர்கிட்டயே இருக்கும். மதிப்பெண் மட்டும்தான் போகும்" என்றேன்.

"மார்க் கூடப் போட்டா நல்லதா, கொறச்சுப் போட்டா நல்லதா?"

"நல்லது கெட்டது இல்லைங்க. இருக்கறதை எழுதணும்."

"அது எப்படி சார், மார்க்குன்னு ஒண்ணு இருந்தா நல்லது கெட்டது இல்லாமப் போகும்?" என்றார். டாக்டருக்கு இதை மொழிபெயர்த்தேன். இஸ்மிரிலும் இதையே கேட்டார்கள் என்று சிரித்தார், சிரித்ததில் கழுத்து வலித்தது.

அன்று ஒவ்வொருவர் பக்கத்திலும் நான் உட்கார்ந்திருந்தேன். செல்லத்துரை மெதுவாகப் படித்து, ஒவ்வொரு கேள்விக்கும் தோளை அசைத்துப் பார்த்துவிட்டு டிக் அடித்தார். மேல் கட்டிலுக்கு ஏற முடிகிறதா என்ற இடத்தில் நிமிர்ந்து, "இது எப்படி சார் தெரியும் உங்களுக்கு? நான் கீழ்க் கட்டிலுக்கு மாறி ரெண்டு மாசம் ஆச்சு" என்றார். மருந்துத் தாள் எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு வாசகர் வாய்ப்பது அபூர்வம்.

நடுவில் இருந்த வாரத்தில் சொல்ல அதிகம் இல்லை. ரோலாவில் இட்லி மூன்று திர்ஹாம். சாம்பார் இரண்டாம் முறை இலவசம், மூன்றாம் முறை முறைப்பார்கள்.

இரண்டாவது வெள்ளிக்கிழமைக்கு விதிமுறை வேறு. இந்த முறை பக்கத்தில் உட்காரக் கூடாது, நாம் இருப்பதே பதிலை மாற்றும் என்றார் டாக்டர். பெயரெழுதிய தாள்களை அறை அறையாகக் கொடுத்துவிட்டு, வாசலுக்கு வெளியே காத்திருந்து, ஒரு மணி நேரம் கழித்து வாங்கிக்கொள்ள வேண்டும். காலை பத்து மணிக்குக் கொடுத்தோம், பதினொன்றுக்கு வாங்கினோம். எல்லாத் தாள்களும் நிரப்பப்பட்டிருந்தன. கதிரேசன் தன் அறைத் தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி, ரப்பர் பேண்ட் போட்டுத் தந்தார். கருத்துக் கணிப்பு வரலாற்றில் இவ்வளவு ஒழுங்கான ஒத்துழைப்பு கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

பகல் ஒரு மணிக்கு கிளினிக்கில் டாக்டர் இரண்டு வாரத் தாள்களையும் ஜோடி ஜோடியாக மேசையில் பரப்பினார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது. முழங்கால் மடக்க முடியாதவர்கள் இப்போது சம்மணமிட்டு உட்காருகிறார்கள். முதுகு குனியாதவர்கள் வாளி தூக்குகிறார்கள். செல்லத்துரை எல்லாம் செய்கிறார். மேல் கட்டிலுக்கு ஏறுகிறார், தலைக்கு மேல் கையை நீட்டுகிறார், சட்டை போடுவதில் சிரமமே இல்லை. தோள் ஏழே நாளில் குணம்.

"என் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு சிகிச்சை பார்த்ததில்லை" என்றார் டாக்டர். "அதுவும் நான் எந்தச் சிகிச்சையும் தராத நிலையில்." பிறகு என்னைப் பார்த்தார். "தமிழ்தான் சரியில்லை என்று நினைக்கிறேன். மன்னிக்க வேண்டும். கேள்விகள் இரண்டு விதமாகப் புரிகிற மாதிரி இருக்கின்றன."

நான் கேள்விகளைத் திரும்பப் படித்தேன். தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்க முடிகிறதா. இதை எத்தனை விதமாகப் புரிந்துகொள்ளலாம் என்று யோசித்ததில், பத்து நிமிடத்தில் எனக்கே எல்லாம் ஐயமாகிவிட்டது. கம்பெனிக்கு மதிப்பெண்ணை மாலை ஆறு மணிக்குள் ஃபேக்ஸ் அனுப்ப வேண்டும். சனிக்கிழமைக்கான டூட்டிப் பட்டியல் அதற்குப் பிறகு ஒட்டிவிடுவார்கள். இருக்கிற தாளை வைத்து அனுப்பினால் செல்லத்துரைக்குக் கம்பி. அனுப்பாவிட்டாலும் கம்பி.

கேம்ப்புக்கு மறுபடி டாக்ஸி, பன்னிரண்டு திர்ஹாம். கதிரேசன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். செல்லத்துரை எங்கே என்றேன்.

"டூட்டி சார். ஜெபல் அலில கான்க்ரீட் போடறாங்க. விடியக்காலம் பஸ் ஏறிட்டான். ரூம்ல அஞ்சு பேரு அங்கதான்."

"வெள்ளிக்கிழமைதானே இன்னைக்கு?"

"கான்க்ரீட்டுக்கு வெள்ளிக்கிழமை தெரியுமா சார்?"

"அப்ப அவர் தாளை யார் நிரப்பினது?"

"நான்தான்" என்றார், கத்தியைக் கூட நிறுத்தாமல். "அஞ்சு பேருதும் நான்தான் போட்டேன். அடுத்த ரூம்ல ராசு போட்டான்."

கோபப்பட முயன்றேன். ஆனால் அவர் முகத்தில் ஒளிக்கும் பாவனையே இல்லை. பிறகு மெல்லப் புரிந்தது. அந்த அறையில் எதையும் அவரவர் செய்வதில்லை. டூட்டி இல்லாதவர் டூட்டியில் இருப்பவருக்காகத் துணி துவைப்பார், வரிசையில் நிற்பார், போன் கார்டு வாங்குவார், ஊரிலிருந்து வரும் அழைப்பை எடுத்து "அவன் நல்லா இருக்கான்மா, சாப்பிட்டான்" என்பார். தாள் வந்தது, ஆள் இல்லை, பக்கத்து ஆள் நிரப்பினார். இதில் விசாரிக்க என்ன இருக்கிறது?

"சரிங்க, நிரப்பினீங்க. ஆனா அவருக்கு வலியே இல்லைன்னு எதுக்குப் போட்டீங்க? உங்களுக்குத் தெரியாதா?"

கத்தி நின்றது. "நல்லாக் கேட்டீங்க சார். ஆள் இல்லாத நேரத்துல அவனைப் பத்தி ஒண்ணும் வெளங்காதுன்னு எழுதுவாங்களா யாராச்சும்? நல்லதாவே இருக்கட்டும்னு போட்டேன். எழுதறது பலிச்சிரும் சார்."

"சட்டை போடக் கஷ்டம் இல்லைன்னு போட்டிருக்கீங்களே?"

"கஷ்டம் இல்லைதான். நான் போட்டு விடறேன்ல, தெனம் காலைல? அவனுக்கு என்ன கஷ்டம்?"

தாளின் தலைப்பில், யார் உதவியும் இல்லாமல் தானாகச் செய்வதையே குறிக்கவும் என்று தெளிவாக எழுதியிருந்தேன். தலைப்பை யாரும் படிக்கவில்லை. அந்த வகை எழுத்தில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு என்று முன்பே சொன்னேன்.

டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் சத்தமாகச் சிரித்தார். "இஸ்மிரில் ஒரு கிழவரின் தாளை அவர் மனைவி நிரப்பினார். வீட்டில் எந்த வேலையும் செய்வதில்லை, ஆகவே எதுவும் செய்ய முடியாதவர் என்று எழுதியிருந்தார். உங்கள் சமையல்காரர் பரவாயில்லை, அன்பாகத் தவறு செய்கிறார்." பிறகு குரல் மாறியது. "இன்று ஏழாவது நாள். இன்னும் செல்லும். தாளோடு அவரிடம் போங்கள். அவரே நிரப்ப வேண்டும். பழைய பதில்களை அவருக்குச் சொல்லக் கூடாது. ஐந்தரைக்குள் வந்துவிடுங்கள்."

கதிரேசனுக்குப் பட்டியல் விஷயத்தைச் சொன்னேன். அவர் வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "சார், நான் போட்டதாலயா அவன் கம்பிக்குப் போறான்?" என்றார். இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். அவர் செல்போனை எடுத்து செல்லத்துரையை அழைத்தார். எடுக்கவில்லை. பஸ் எந்த சைட்டுக்குப் போனது என்று பக்கத்து அறையில் விசாரித்துச் சொன்னார்.

சோனாப்பூரிலிருந்து ஜெபல் அலி கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீட்டர். டாக்ஸி எண்பது திர்ஹாம் ஆகும், வெள்ளி மதியம் என்பதால் ஐம்பது நிமிடம். (மற்ற நாளில் இந்த இரண்டு எண்களையும் நம்ப வேண்டாம்.) ஓட்டுநர் பெஷாவர்க்காரர். ஏன் இவ்வளவு அவசரம் என்று ஹிந்தியில் கேட்டார். ஒருவருக்குத் தோள் வலிக்கிறதா என்று கேட்கப் போகிறேன் என்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"கேட்க எண்பது திர்ஹாமா, பாய்?"

"திரும்பி வர இன்னொரு எண்பது."

"என்னைக் கேளுங்க. இடுப்பு, முட்டி, ரெண்டும் வலிக்குது. காசே வேணாம்" என்று சொல்லிவிட்டு, மீதி வழி முழுவதும் இடுப்பின் வரலாற்றைச் சொன்னார். ஹிந்தியிலும் வலியைப் பற்றிப் பேச முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது.

புதிதாகக் கட்டும் ஒரு கிடங்கின் வாசலில் இறங்கினேன். ஹெல்மெட்டும் அனுமதி அட்டையும் இல்லாமல் உள்ளே போக முடியாது. காவலாளி நேபாளி, தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து "மாஃபி" என்றார். இல்லை, கிடையாது, முடியாது, போ என்ற நான்கையும் வளைகுடாவில் அந்த ஒரு சொல் சொல்லிவிடும். தேநீர் இடைவேளை நாலு மணிக்கு. மணி மூன்று நாற்பது. வேலிக்கு வெளியே நின்றேன். ஓட்டுநர் மீட்டரை நிறுத்திவிட்டு, தானும் இறங்கி என்னோடு நின்றார்.

நாலு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். சிமெண்ட் படிந்த உடுப்போடு செல்லத்துரை கடைசியாக வந்தார். இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார்.

"ஊர்ல ஏதாச்சுமா சார்?"

இல்லை என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். கதிரேசன் தன்னைக் குணமாக்கிவிட்டதைக் கேட்டு முதலில் வாயைப் பிளந்தார். "அந்த வெங்காயப் பயலுக்குப் பேனா குடுத்தது யாரு சார்?" என்றார். நான் கொடுத்ததுதான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "டேய், எனக்கும் அவனையே போடச் சொல்லுடா, எனக்குப் பல்லு வலிக்குது" என்றார்.

டாக்ஸியின் முன்பக்கத்தில் தாளை வைத்தேன். நாலைந்து தலைகள் அதன் மேல் குனிந்தன. அவரவர் அபிப்பிராயம் சொல்லத் தயாரானார்கள். கையெடுத்துக் கும்பிட்டு அவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னேன். செல்லத்துரை பேனாவைப் பிடித்தபடி நின்றார். எழுதவில்லை.

"சார், போன வாரம் நான் என்ன போட்டேன்னு சொல்லுங்க. அதையே போட்டுடறேன். மேட்ச் ஆகணும்ல?"

"சொல்லக் கூடாதுங்க."

"ஒரு ரெண்டு கேள்விக்காச்சும்."

"முடியாதுங்க."

"தப்பாப் போட்டா நாளைக்குக் கம்பிக்குப் போகணும் சார்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "ஒரு வாரமா நெனச்சுக்கிட்டே இருக்கேன். இந்தக் கை இல்லாம ஊருக்குப் போய் என்ன பண்ணப் போறேன்?"

செல்லத்துரை கேட்பதை ஹிந்தியில் சொன்னதும் ஓட்டுநர் என்னைப் பார்த்து, "பதா தோ, பாய். சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். பழைய தாள் என் பைக்குள்தான் இருந்தது. டாக்டர் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தார். சொல்லிவிட்டால் செல்லத்துரை நாளை கம்பிக்குப் போக வேண்டாம். ஆனால் சொல்லிக் கொடுத்த பதில் அவருடையதாக இருக்காது. கதிரேசனுக்குப் பதில் நான், அவ்வளவுதான் வித்தியாசம். தாளும் அதோடு செத்துவிடும். அடுத்து வருகிறவருக்கு மறுபடி தைலம், அச்சா.

"இந்தக் கேள்விக்குப் பதில் என் பையில இல்லைங்க. உங்க தோள்ல இருக்கு" என்றேன். "போன வாரம் செஞ்ச மாதிரி தோளை அசைச்சுப் பாத்து எழுதுங்க. நான் அந்தப் பக்கம் போறேன்."

வேலியோரம் போய் முதுகைக் காட்டி நின்றேன். துறைமுகத்தின் கிரேன்கள் தெரிந்தன. அவை கையைத் தலைக்கு மேல் தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. என் வாழ்நாளில் என் வாசகர் ஒருவர் என் எழுத்தை எப்படிப் படிக்கிறார் என்று இவ்வளவு கவலைப்பட்டதில்லை.

அவர் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தபோது இடைவேளை முடிந்து விசில் ஊதிவிட்டது. நான் அதைப் பிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் ஓட்டுநர் இரண்டு முறை "பாருங்க பாய்" என்றார். பார்க்கவில்லை. அது நேர்மை என்று சொல்லிக்கொண்டேன், பெரும்பகுதி பயம்.

ஐந்து இருபத்தைந்துக்கு கிளினிக். கழுத்துப் பட்டையோடு டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். தாளை வாங்கி, மேசையில் முதல் வாரத் தாளுக்குப் பக்கத்தில் வைத்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாக இறங்கினார். வாளி, அதே பதில். மேல் கட்டில், அதே பதில். சட்டை, போன வாரம் 'மிகவும் சிரமம்', இந்த வாரம் 'தானாக முடியாது'. ஒரு படி வித்தியாசம். காலையில் கான்க்ரீட் போட்டவர், அது நியாயம்தான் என்றார். இன்னொரு கேள்வியில் சிரமம் ஒரு படி குறைவு. கடைசி வரியில் பென்சிலைக் கீழே வைத்தார்.

"உங்கள் தமிழுக்கு ஒன்றுமில்லை. நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது" என்றார்.

ஃபேக்ஸ் ஐந்து நாற்பதுக்குப் போனது. இயந்திரம் மதிப்பெண் தாளை இழுத்துக்கொண்டு கரகரத்த சத்தம் அவ்வளவு இனிமையாக இருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன், முதுகு வலித்தது, யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமைப் பட்டியலில் செல்லத்துரையின் பெயர் சாமான் கிடங்கில் இருந்தது. ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்கும் வேலை. கதிரேசன் அன்று மாலை கிளினிக்குக்கே ஒரு டப்பா நிறைய சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து டாக்டர் முன் வைத்துவிட்டுப் போனார். டாக்டர் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தபடி அதை முழுவதும் சாப்பிட்டார்.

மற்றவர்களின் தாள்களை மூன்றாவது வெள்ளிக்கிழமை திரும்ப எடுத்தோம். இரண்டு வார இடைவெளி வரை செல்லும் என்றார் டாக்டர். அவரவர் வந்து, அவரவர் பேனாவால். அவையும் நன்றாகவே பொருந்தின.

இனி, இதே வேலையாகப் போகிறவர்களுக்கு. பிப்ரவரியில் போங்கள், வெயில் பொறுக்கும். ரோலாவில் தங்கினால் செலவு குறைவு, ஆனால் காலை ஆறரைக்கு முன் கிளம்புங்கள். கேம்ப்புக்குப் போவதற்கு முன் டூட்டிப் பட்டியலை விசாரியுங்கள், வெள்ளிக்கிழமை என்றால் விடுமுறை என்று நம்பாதீர்கள். தாளைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்பது விஞ்ஞானப்படி சரி, ஆனால் உள்ளே ஆள் இருக்கிறாரா என்று ஒரு முறை எட்டிப் பார்ப்பதால் விஞ்ஞானம் கோபித்துக்கொள்ளாது. தலைப்பில் எழுதும் குறிப்பை ஒவ்வொரு கேள்வியிலும் எழுதுங்கள். அடுத்த பதிப்பில் "யார் உதவியும் இல்லாமல்" என்பது ஒவ்வொரு வரியிலும் வரப்போகிறது. ஒருவர் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பதும், அவர் எப்படி இருக்கிறார் என்று சொல்வதும் வேறு வேறு வேலைகள். ஊரில் இரண்டையும் ஒரே ஆளிடம் விட்டுப் பழகிவிட்டோம்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் கிளினிக்கின் சிகிச்சை அறைக்குப் போனேன். செல்லத்துரை சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். வலது கை விரல்களைச் சுவரில் வைத்து, பூச்சி ஏறுவதுபோல் ஒவ்வொரு விரலாக மேலே நகர்த்த வேண்டும். முடிகிற இடத்தில் சிகிச்சை தருபவர் பென்சிலால் கோடு போடுவார். முதல் நாள் கோடு அவர் காதுக்கு நேரே இருந்தது. அதற்கு மேல் மூன்று கோடுகள், கடைசிக் கோடு முதல் கோட்டிலிருந்து ஒரு தீப்பெட்டி உயரம். விரல்கள் அந்தக் கோட்டைத் தொட்டு, கொஞ்சம் நடுங்கி, தாண்டின. அவர் முகம் வியர்த்திருந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"நல்லாவே வலிக்குது சார்" என்றார் சத்தமாக, அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, சிரித்துக்கொண்டே.